தோற்றவர்களுக்கான அட்டை

ஐஸ் பாளத்திலிருந்து வடிந்த தண்ணீர் வாசல் பக்கம் ஓடிவிடாமல், பழைய புடவைக் கிழிசலைச் சுருட்டி அணை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜூதிகா அந்த முகத்தைப் பார்த்தாள். ஐஸுக்கு அடியில், ஈரத்தில் ஊறி, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கால்பந்தில் இலிஷ் கட்சியின் கேப்டன். நேற்றுச் சாயங்காலம் மைதானத்தில் தோற்று, போலீஸ் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

அவன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'விடிந்தது' என்று இருந்தது. அந்தத் தலைப்பை வைத்தவளே ஜூதிகாதான்.

சட்டென்று கிழிசலை நகர்த்தி அந்தச் சிரிப்பை மூடினாள். ஐஸுக்கு மேல் பாய், பாய்க்கு மேல் வெள்ளைத் துணி, துணிக்கு மேல் பாபா, அவளுடைய அப்பா. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். இப்போது கண்களில் துளசி இலையும் அதன் மேல் மூக்குக்கண்ணாடியுமாக, யாரிடமோ கோபித்துக்கொண்டு படுத்தவர் போலக் கிடந்தார். தலைமாட்டில் அவளுடைய மா விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். தெருவைப் பார்த்த அந்த முன்னறைக்குள் ஆட்கள் வரிசையாக வருவதும், கால்பக்கம் குனிவதும், போவதுமாக இருந்தார்கள்.

"காகா" என்று கூப்பிட்டாள்.

பாபாவின் தம்பி கானாய் காகா வந்தார். மின்சார ஆபீஸில் குமாஸ்தா. சீட்டாட்டம் தவிர உலகத்தில் வேறு ஆட்டம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதவர். அண்ணனின் பத்திரிகையை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

"ஐஸுக்கு அடியில என்ன விரிச்சீங்க?"

"மரத்தூள் பத்தல. பேப்பர் போடுங்கன்னு ஐஸ்காரன் சொன்னான். ஆபீஸ் ரூம்ல கட்டுக்கட்டா கிடந்துச்சு, ஒண்ணைப் பிரிச்சுப் போட்டேன். எதுக்குக் கேக்கறே?"

"எந்தக் கட்டு?"

"கைக்குக் கிடைச்ச கட்டு. எல்லாம் ஒரே பேப்பர்தானே? அண்ணன் அடியில அண்ணன் பத்திரிகை கிடந்தா என்னம்மா தப்பு?"

எல்லாம் ஒரே பேப்பர் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? பாபாவுக்கும் மாவுக்கும் அவளுக்கும், அச்சகத்து ஹாருவுக்கும் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதி அது.

'கேலார் ஹாட்', அதாவது விளையாட்டுச் சந்தை, என்ற அந்தப் பத்திரிகை தொடங்கியபோது ஜூதிகா பிறக்கவில்லை. பெரிய தினசரிகள் கால்பந்தை மரண அறிவிப்புகளுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடத்தில் போட்டுக்கொண்டிருந்த காலம். பாபா அவனிபூஷண் ராஹா அப்படியொரு தினசரியில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஆசிரியரோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்து, நாலாக மடித்த ஒற்றைத் தாளை மைதானத்து வாசலில் நின்று தானே கூவி விற்றார். தாள் வளர்ந்து வாரப் பத்திரிகை ஆயிற்று. நடுப்பக்கத்தில் வண்ணப் படம் வந்தது. அதை ஒட்டாத முடிவெட்டும் கடை வங்காளத்தில் இல்லை என்று பேர் வந்தது. கோல்கீப்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு நதியா ஜில்லாவிலிருந்து பெண்கள் கடிதம் எழுதினார்கள்.

அப்புறம் ரேடியோ வந்து குட்டையைக் குழப்பியது. ஆட்டம் முடியும்போதே தெருவுக்குத் தெரு முடிவு தெரிந்துவிட்டால், நாலு நாள் கழித்து வரும் பத்திரிகையை எவன் வாங்குவான்? அப்போதுதான் பாபா அந்த வித்தையைக் கண்டுபிடித்தார். இலிஷ் கட்சியும் சிங்ரி கட்சியும் மோதும் நாளில் மட்டும் மூன்று அட்டை, மூன்று கட்டுரை. இவர்கள் ஜெயித்தால் ஒன்று, அவர்கள் ஜெயித்தால் ஒன்று, சமன் ஆனால் ஒன்று. வியாழக்கிழமையே எழுதி, மறுநாள் அச்சேறி, சனிக்கிழமை மூன்று கட்டாக மைதானத்துப் பக்கத்தில் ஹாருவின் வேனுக்குள் காத்திருக்கும். விசில் ஊதியதும் ஒரு கட்டு மட்டும் பிரியும். ஜனங்கள் மரப்படிகளிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் பத்திரிகை கையில் இருக்கும். உள்ளே 'களத்திலிருந்து அவனிபூஷண்' என்று முழுப்பக்கக் கட்டுரை. அவர் களத்துக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது; இதயம் தாங்காது என்று டாக்டர் தடுத்திருந்தார். மற்ற இரண்டு கட்டுகளும் இருட்டியதும் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை கூழாக்கப் போய்விடும். கட்டைத் தூக்கிப் போடுகிறவனுக்குக்கூட உள்ளே என்ன என்று தெரியாது.

கிளப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட மீனைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் ஊர் வழக்கம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு இலிஷ் மீன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு சிங்ரி, அதாவது இறால். ஜெயித்தவர்களின் மீன் அன்று சந்தையில் யானை விலை விற்கும். பத்திரிகை ஆசிரியர் எந்தப் பக்கம் என்று மீன்காரிகள் புரளி கிளப்பிவிடக் கூடாது என்பதால், ஆட்டம் நடக்கும் வாரம் இந்த வீட்டில் இரண்டையும் வாங்க மாட்டார்கள். கெண்டை மீனைத் தின்றே ஒரு ஆயுசு நடுநிலைமை காத்தவர் பாபா.

இந்த முறைதான் நிலைமை மோசம். ஒரே கோலில் இலிஷ் தோற்றது. கடைசியில் அவர்கள் போட்ட கோலை நடுவர் செல்லாது என்றார். ஆட்டம் விலைபோய்விட்டது என்று இரவெல்லாம் தெருத் தெருவாகக் கத்தல். முனையில் இருந்த பத்திரிகைக் கடையைக் கொளுத்திவிட்டார்கள். கடைக்காரர் மண்டையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்தக் கத்தலுக்கு நடுவே ஒரு குரல் ஜூதிகாவின் ஜன்னலுக்கு நேராகவே கேட்டது: "விசில் ஊதின உடனே இவனுங்க பேப்பர் எப்படிடா வருது? முன்னாடியே எவனோ சொல்லிடறான்!"

இப்போது இலிஷ் ஜெயித்ததாக அச்சடித்த அட்டை ஒருவன் கையில் கிடைத்தால் போதும். நாங்கள் ஜெயிப்பதாகத்தான் இருந்தது, யாரோ பணம் கொடுத்து மாற்றிவிட்டான், இதோ அத்தாட்சி என்று கிளம்பிவிடுவார்கள். இல்லை ஐயா, எப்போதும் மூன்றாக அடிப்பதுதான் வழக்கம் என்று சொன்னால் அது அதைவிடக் கேவலம். அழுதுகொண்டே எழுதினார், நனைந்துகொண்டே எழுதினார் என்று ஊர் கொண்டாடியதெல்லாம், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதியது என்று ஆகிவிடும். பாபாவின் உடம்பு நிம்தலா சுடுகாட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அவர் பெயர் எரிந்துவிடும்.

ஆட்கள் சற்றுக் குறைந்த நேரமாகப் பார்த்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பூவை ஒழுங்குபடுத்துகிறவள் போலக் கையை உள்ளே விட்டு ஒரு தாளை இழுத்தாள். கையோடு பாதி வந்தது. மீதி ஐஸின் கனத்தில் சிக்கிக் கிழிந்தது. வந்த பாதியில் கேப்டனின் ஒரு கை இருந்தது. சுருட்டி முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். மறுபடி கையை விட்டாள். விரல்கள் மரத்துப்போய் நுனி நீலமாயிற்று.

"பாவம், அப்பா காலை விடமாட்டேங்குது பொண்ணு" என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி. உடனே இன்னும் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள்.

ஜூதிகா மாவின் காதருகே போனாள். "மா, ஐஸுக்கு அடியில..."

"தெரியும்" என்றாள் மா, விசிறியை நிறுத்தாமல். "காகா விரிச்சுட்டுப் போனப்பவே பார்த்தேன். அதான் இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கல."

அப்போதுதான் ஜூதிகா கவனித்தாள். மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் அவளுடைய புடவை ஐஸ் ஓரம் முழுக்கப் பரப்பி விடப்பட்டிருந்தது. தொடைவரை நனைந்திருந்தாள். குளிரில் உதடு வெளுத்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் எழாமல் இருப்பதைப் பார்த்து, இப்படி ஒரு பதிவிரதையா என்று தெருவே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எந்திரிம்மா. ஜுரம் வந்துடும்."

"பாபா நெத்தியில சந்தனம் காஞ்சு உதிருது. குழைச்சு எடுத்துட்டு வா. நீ முழிக்கிற முழியிலதான் ஊருக்குத் தெரியப்போகுது."

சந்தனத்தோடு அவள் திரும்பி வந்தபோது அறை இருண்டிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு கேஷ்டோ நின்றான். டிராம் டிப்போவில் வேலை செய்கிறவன், இந்த வட்டாரத்து இலிஷ்காரர்களுக்கெல்லாம் தலைவன். அவன் கையைத் தூக்கினால் கல் பறக்கும், கையை இறக்கினால் நிற்கும். ராத்திரி தூங்கவில்லை போலும். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கையில் ரஜனிகந்தாப் பூ மாலை. பின்னால் ஒரு கூட்டம்.

கேஷ்டோ உள்ளே வந்து மாலையை மார்பில் வைத்தான். குனிந்து பாதத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். குனிந்த இடத்திலிருந்து அந்தச் சிரித்த முகம் ஒரு ஜாண் தூரம்தான்.

"தீதி" என்றான் ஜூதிகாவிடம், அக்கா என்கிற மரியாதையில். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. "ரெண்டு கழிசடைங்க கல்லோட இந்தச் சந்துக்குள்ள வரப் பார்த்தானுங்க. கன்னத்துல ஒண்ணு விட்டு அனுப்பினேன். நம்ம ஆளுங்கதான், இருந்தாலும் நம்ம அண்ணன் அவனிதா வீட்டு வாசல்ல எவனும் மூச்சு விடக்கூடாது. நான் இங்கயேதான் இருப்பேன். கவலைப்படாதீங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நீங்க போய்..."

"என்ன பேசறீங்க? அந்த மழை ஆட்டத்தை அவர் எழுதினதை நான் இன்னும் வெச்சிருக்கேன். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, பூசாரி மந்திரம் சொல்வதுபோல் ஒப்பித்தான்: "'மழை எந்தப் பக்கமும் சேரவில்லை. எல்லோரையும் ஒன்றாக நனைத்தது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒரு பாதிப் பேருக்குத்தான் குளிர்ந்தது.' இதை ரூம்ல உக்காந்து எழுத முடியுமாடா? அங்க நின்னு, நனைஞ்சு, நெஞ்சு வெடிச்சுத்தான் எழுத முடியும்."

"முடியவே முடியாது, கேஷ்டோதா" என்றது கூட்டம்.

பாபா அதை எழுதிய வியாழக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. பாபாவுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று முறை கழிவறைக்குப் போய்வந்து எழுதினார். சனிக்கிழமை மழை பெய்தது அவருடைய அதிர்ஷ்டம்.

நல்ல எதிரியாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். இவன் பக்தனாக அல்லவா வந்து உட்கார்ந்துவிட்டான்!

கேஷ்டோ சொன்னபடியே வாசல் படியில் உட்கார்ந்தான். உள்ளே சிங்ரிக்காரர்களும் வந்தார்கள். அவனைப் பார்த்ததும் சட்டைப்பையில் குத்தியிருந்த கொடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். ஜெயித்த சந்தோஷத்தை முகத்திலிருந்து துடைத்துவிட்டு வரத் தெரியாத ஒரு கிழவரை மட்டும் அவன் நிறுத்தி, "தாத்தா, சாவு வீடு. பல்லை மூடிக்கிட்டுப் போங்க" என்றான்.

ஜாம்ஷெட்பூரிலிருந்து அண்ணன் கோகன் வந்தால்தான் கொள்ளி வைக்க முடியும். மதியத்துக்குள் வந்துசேர வேண்டிய ரயில் வரவில்லை. ஆடி மாதப் புழுக்கத்தில் ஐஸ் கரைந்துகொண்டே இருந்தது. கரையக் கரையப் பாளம் சுருங்கியது. சுருங்கச் சுருங்க ஓரத்தில் காகிதம் வெளியே தெரிந்தது. ஜூதிகா மாலைகளை அவிழ்த்து ஓரத்தில் அடுக்கினாள். போர்வையைக் கொண்டுவந்து போட்டாள். இங்கே மூடினால் அங்கே 'விடி' என்று எட்டிப் பார்த்தது. அங்கே மூடினால் இங்கே ஒரு பூட்ஸ் கால்.

ஐஸ்காரன் தள்ளுவண்டியில் புதுப் பாளங்களோடு வந்து நின்றான்.

"நாலு பேர் வாங்க" என்றார் கானாய் காகா. "அண்ணனைத் தூக்கிப் பிடிச்சா, பழசை இழுத்துப் போட்டுட்டுப் புதுசை வெச்சிடலாம்."

கேஷ்டோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டாள் ஜூதிகா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஐஸ் வேண்டாம். போகச் சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா, ஜூதி? இந்த வெக்கையில சாயங்காலம் வரைக்கும் எப்படித் தாங்கும்?" காகா குரலைத் தாழ்த்தினார். "இப்பவே லேசா வாடை..."

"இருக்கறது போதும். பாபாவுக்குக் குளிர் ஆகாது."

செத்தவருக்கு என்ன குளிர் என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஐஸ்காரன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். ஜூதிகா உள்ளே போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை. பெற்ற அப்பா கெட்டுப்போனாலும் பரவாயில்லை, பெயர் கெடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டோமே என்ற அருவருப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. அந்த அழுகையிலும் காது வாசலிலேயே இருந்தது. யாராவது ஏதாவது கண்டுபிடித்துக் கத்துகிறார்களா என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

நேற்று இரவு ஹாரு கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கியபோது பாபா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேல் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்துவிட்டு, "இந்தத் தடவை இதுதான் நல்லா வந்திருந்துச்சு, ஜூதி" என்றார். அவர் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கை யாருமே படித்ததில்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு அவள் கேட்டது நேற்றுத்தான். அவளுக்குத் தூக்கம் வந்தது. நாளைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கோகன் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குழந்தை போல் அழுதவனைத் தேற்றி, குளிக்க வைத்து, புது வேட்டி கட்டிவிட்டார்கள். மூங்கில் கட்டிலை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். இனி தூக்க வேண்டியதுதான். தூக்கினால் பாய் போகும், துணி போகும், பூ போகும். கீழே அத்தனையும் திறந்து கிடக்கும்.

ஜூதிகா அண்ணனைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னாள். ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவன் அவன். புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாசக்கதவைச் சாத்திட்டு நாமளே தூக்கிடலாம்" என்றான். "நானும் காகாவும்."

"காகாவுக்கு முதுகுவலி. அம்மியைத் தூக்கவே ஆள் தேடுவார்."

"அப்ப நீ பிடி."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. தினமும் அந்தி வேளையில் போவதுதான். தினமும் அவள் வாயார வையும் மின்வெட்டுதான். ஜூதிகா வாழ்க்கையில் முதன்முறையாக அதற்குக் கைகூப்பினாள். மெழுகுவர்த்தி கேட்ட அத்தையிடம் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். "வீட்டு ஆளுங்க கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். எல்லாரும் வெளியே இருங்க" என்று கோகன் தழுதழுத்த குரலில் சொன்னதும் ஆட்கள் ஒதுங்கினார்கள்.

கேஷ்டோ ஒதுங்கவில்லை.

"ரெண்டு பேர் தூக்கற உடம்பா அது? கீழே போட்டுடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். "நானும் வீட்டு ஆளுதான். வேணாம்னு அவனிதா எழுந்து சொல்லட்டும்."

வேண்டாம் என்று சொல்ல ஜூதிகாவிடம் ஒரு காரணமும் இல்லை. மா எழுந்து சுவரோரம் நின்றாள். எழும்போது அவள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. இருட்டில் தலைப்பக்கம் கேஷ்டோ, கால்பக்கம் கோகன், நடுவில் காகா. பாயோடு தூக்கிச் சுவர்ப்பக்கம் விரித்திருந்த ஜமுக்காளத்தில் கிடத்தினார்கள். நன்றாகவே முடிந்தது. இனி இந்த அறையில் யாருக்கும் வேலை இல்லை. தாழ்ப்பாளைத் திறந்தால் போதும்.

"அவர் கண்ணாடி எங்க தீதி? காதுல இருந்துச்சு, தூக்கும்போது கழண்டுடுச்சு போலிருக்கு" என்றான் கேஷ்டோ.

"பரவாயில்ல. நான் தேடி..."

"கண்ணாடி இல்லாமலா அனுப்பறது?"

இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தான்.

வெளிச்சம் நேராக அங்கேதான் விழுந்தது. கரைந்து மெலிந்த இரண்டு ஐஸ் பாளங்கள். சுற்றிலும், ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, கைகளைத் தூக்கிச் சிரிக்கும் கேப்டன்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் 'விடிந்தது'.

கேஷ்டோ குந்தி உட்கார்ந்தான். கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, கோகனிடம் கொடுத்தான். பிறகு மேலாக இருந்த ஒரு பிரதியைக் கிழியாமல் உரித்தெடுத்து, முதல் பக்கத்தைப் புரட்டி, டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

"அது ஏதோ பழைய குப்பை, தம்பி" என்றார் காகா. "நான்தான் தெரியாத்தனமா..."

"சும்மா இருங்க."

வெளியே கூட்டம் சலசலத்தது. "கேஷ்டோதா, ஆச்சா?" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். கோகன் தாழ்ப்பாளுக்கு முன்னால் போய் நின்றான். கேஷ்டோ உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல் படித்தான். ஓரிடத்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி படித்தான். ஜூதிகா சுவரில் சாய்ந்திருந்தாள். இவன் எழுந்து கதவைத் திறந்து இந்தத் தாளைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாக நினைத்தாள். முதலில் ஜன்னல். அப்புறம் ஆபீஸ் அறை. அப்புறம் பாபாவை அப்படியே விட்டுவிட்டு மாவை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓட வேண்டும்.

"எப்ப எழுதினது?" என்றான் கேஷ்டோ.

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "வியாழக்கிழமை. மூணு எழுதுவார். ஜெயிச்சா ஒண்ணு, தோத்தா ஒண்ணு, சமனா ஒண்ணு. எப்பவும் அப்படித்தான்."

"மழை ஆட்டம்?"

"அதுவும்."

டார்ச் வெளிச்சம் தாளிலிருந்து நழுவி, ஜமுக்காளத்தில் கிடந்த பாபாவின் முகத்துக்குப் போனது. அங்கே நின்றது. ஜூதிகாவுக்கு அந்த முகத்தின் மேல் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மா மெல்ல நகர்ந்து வெளிச்சத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

வெளிச்சம் மறுபடி அட்டைக்குத் திரும்பியது. கேப்டனின் காலடியில், கட்டம் கட்டி, ஒன்றும் அச்சிடாமல் விட்டிருந்த இடத்தில் கேஷ்டோவின் விரல் நின்றது.

"இங்க ஏன் வெறுமையா இருக்கு?"

"கோல் கணக்கு. அது முன்னாடியே தெரியாதே. விசில் ஊதினப்புறம் வேன்ல உக்காந்து ரப்பர் ஸ்டாம்ப்ல குத்துவோம். இதுல... இதுக்குத் தேவைப்படல."

கதவு அதிர்ந்தது. "கேஷ்டோதா! என்ன பண்றீங்க உள்ளே?"

"வரேன்டா, இருடா!" என்று அவன் போட்ட அதட்டலில் காகா துள்ளிவிட்டார். டார்ச்சை அணைத்தான். அறை மறுபடி இருண்டது. காகிதம் மடிக்கப்படும் ஈரச் சத்தம் கேட்டது. பிறகு போர்வையை உதறி ஐஸ் மேல் போடும் சத்தம். ஓரங்களைக் காலால் தள்ளித் தள்ளி மூடினான். மூடிவிட்டு அவள் பக்கமாக வந்து நின்றான். வியர்வையும் பீடியுமாக அவன் வாடை அடித்தது. ஜூதிகா பின்னால் நகர இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எத்தனைக்கு எத்தனை, தீதி?" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அந்த வெறும் கட்டத்துக்கான கோல் கணக்கைத்தான் கேட்கிறான்.

"ரெண்டு... ஒண்ணு."

"கடைசி நிமிஷத்துலயா?"

"கடைசி நிமிஷத்துல."

கேஷ்டோ மூக்கை உறிஞ்சினான். தாழ்ப்பாளைத் திறந்தான்.

சந்துக்குள் யாரோ பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். மூங்கில் கட்டில் தோள்களில் ஏறியது. முன்னால் ஒரு பக்கம் கோகன், இன்னொரு பக்கம் கேஷ்டோ. "போலோ ஹரி" என்று அந்தப் போன குரலில் அவன் ஹரி நாமத்தைத் தொடங்க, இலிஷ்காரர்களும் சிங்ரிக்காரர்களுமாக "ஹரி போல்" என்றார்கள். ஜூதிகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கேஷ்டோவின் வெள்ளைச் சட்டைக்குள் மார்புப் பக்கம் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து அச்சு மை கலந்த தண்ணீர் சட்டையெல்லாம் பரவி வேட்டி மடிப்பில் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை. ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மார்பை அழுத்திப் பிடித்தபடியே நடந்தான்.